கதவு ஏன் மூடவில்லை? பற்றவைத்த தகட்டுத் தொகுப்புகளில் பிழை சேரும் கணக்கு

ஷீட் மெட்டல் வேலை நடக்கும் பட்டறைகளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. லேசரில் வெட்டிக் கொடுத்தவர் தன் துண்டு டிராயிங் அளவுக்குள் இருக்கிறது என்பார். பெண்டிங் போட்டவர் கோணமானியை வைத்துக் காட்டுவார். வெல்டர், ஃபிக்சரில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் டாக் வைத்தேன் என்பார். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் கதவு மூடாது. கடைசியில் அசெம்பிளிக்காரர், "அரை நூல்தானுங்க, தட்டி உட்கார வெச்சுக்கலாமுங்க" என்று சுத்தியலை எடுப்பார். அரை நூல் என்றால் இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு, ஏறக்குறைய 1.6 மி.மீ. அது யார் கணக்கில் வந்தது என்பதைப் பொருள் செய்வதற்கு முன்பே மதிப்பிடுவதைத்தான் டாலரன்ஸ் ஸ்டேக்-அப் என்கிறோம். ஒவ்வொரு உறுப்பிலும் நாம் அனுமதித்த சிறு பிழைகள், முடிந்த பொருளில் எவ்வளவாக வந்து நிற்கும் என்ற கணக்கு அது.

கடைசல் பிடித்த உறுப்புகளுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒழுங்காக வரும். வளைகிற தகட்டை நெருப்பு வைத்து ஒட்டும்போது அது பல இடங்களில் பொய்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் ± குறிக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பற்றியே சண்டை போடுகிறோம். ஆனால் பணத்தைத் தின்பவை பெரும்பாலும் வேறு இரண்டு: எல்லாத் துண்டுகளிலும் ஒரே பக்கமாகச் சாய்கிற பிழை, எங்கிருந்து அளப்பது என்ற குழப்பம்.

கோவைக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரின் அளவுணர்வு வார்ப்படத்திலும் லேத்திலும் வளர்ந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது. 1926இல் பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம் தொடங்கியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின, அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் பெருகின, பம்பும் மோட்டாரும் பிறந்தன. 1962இல் லட்சுமி மிஷின் ஒர்க்ஸ் தொடங்கியபோது நூற்பு இயந்திரத்தையே இங்கே செய்ய முடியும் என்றானது. இந்த மரபில் வந்த ஃபிட்டருக்கு ஒரு நம்பிக்கை ரத்தத்தில் ஊறியிருக்கிறது: வார்ப்படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மெஷினிங்கில் சரியாகிவிடும். பம்பின் உடலில் 3 மி.மீ. உபரி விட்டு வார்த்து, போரிங்கில் சீவி எடுத்தால், ஃபவுண்டரியின் பிழை சீவலோடு போய்விடும்.

தகட்டுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. 1.6 மி.மீ. தகட்டில் சீவி எடுக்க என்ன இருக்கிறது? வெல்டிங் முடிந்து ஃபிக்சரை விட்டு இறங்கியபோது என்ன அளவோ அதுவே கடைசி அளவு. அதன்மேல் பவுடர் கோட்டிங் வேறு ஏறும். ஃபவுண்டரி ஊரின் துணிச்சலோடு தகட்டு வேலையை விலை பேசியவர்கள், அந்த விலையில் ரீவொர்க்கைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு கதவுச் சட்டத்தின் கணக்கு

ஒரு சாதாரண வேலையை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தின் மின் பெட்டிக்கு 600 மி.மீ. அகலம், 1200 மி.மீ. உயரத்தில் ஒரு திறப்பு. 16 கேஜ் சி.ஆர்.சி.ஏ. தகட்டை மடித்து இரண்டு செங்குத்துச் சட்டங்கள், நடுவே மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள், முட்டவைத்து வெல்டிங். பிறகு கீல், கதவு. பூட்டுப் பக்கம் 3 மி.மீ. இடைவெளி வேண்டும் என்கிறது டிராயிங்.

அந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் சங்கிலியில் யார் யார் வருகிறார்கள்? லேசரில் வெட்டிய குறுக்குச் சட்டத்தின் நீளம் ±0.15. இடது, வலது சட்டங்களின் மடிப்பு தலா ±0.4. இது கூடுதல் என்று தோன்றலாம். ஆனால் 40 மி.மீ. மடிப்பில் கோணம் அரை டிகிரி தப்பினாலே ஓரம் 0.35 மி.மீ. நகர்ந்துவிடும். இரண்டு வெல்டிங் மூட்டுகளில் தலா ±0.5. கதவின் அகலம் ±0.5. கீல் உட்கார்ந்த இடம் ±0.7. இவை நல்ல பட்டறையில் எதிர்பார்க்கக்கூடிய எண்கள், கெட்ட பட்டறையின் எண்கள் அல்ல.

எல்லாம் ஒரே நேரத்தில் கெட்ட பக்கமாகப் போனால் என்ன ஆகும் என்று நேராகக் கூட்டினால் ±3.15 வருகிறது. அதாவது 3 மி.மீ. இடைவெளி முழுக்கக் காணாமல் போய், கதவு சட்டத்தில் இடிக்கவும் கூடும். எல்லாரும் ஒரே நாளில் கெட்ட பக்கம் போக மாட்டார்கள் என்று நம்பி, ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ±1.26. இரண்டுக்கும் நடுவே இரண்டரை மடங்கு வித்தியாசம். 1960களில் பெண்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர், வர்க்கமூல விடையை 1.5ஆல் பெருக்கிக்கொள்ளச் சொன்னார்; அதன்படி ±1.9 ஆகும். எந்த எண்ணை எடுப்பது என்று இங்கே ஒரு நாள் முழுக்க விவாதிக்கலாம். பல நிறுவனங்களில் விவாதிக்கவும் செய்கிறார்கள்.

அதற்கு முன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். ஒருபோதும் விரியாது. மூட்டுக்கு 0.4 மி.மீ. என்று வைத்தால் இரண்டு மூட்டில் திறப்பு 0.8 மி.மீ. குறுகிவிடும். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு சுமார் 70 மைக்ரான். பூட்டுப் பக்கத்தில் கதவின் ஓரமும் சட்டத்தின் ஓரமும் சேர்ந்தால் 0.14. ஆக, எந்தத் தொழிலாளியும் தவறு செய்யாமலே இடைவெளியின் சராசரி 3 மி.மீட்டரிலிருந்து 2.06க்கு இறங்கிவிட்டது. இந்த 0.94 மி.மீ. டிராயிங்கில் எங்கும் இல்லை, ± குறிக்குள்ளும் அடங்காது. குறுக்குச் சட்டத்தை 0.8 மி.மீ. நீட்டி வெட்டச் சொன்னால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல். அனுபவமுள்ள வெல்டர்கள் சுருக்கத்துக்கு விட்டு வைப்பது காலங்காலமாக உள்ள வழக்கம்தான். அது அவர்கள் கையிலிருந்து கேட் (CAD) டிராயிங்குக்கு வராததுதான் குறை.

வர்க்கமூலம் எங்கே ஏமாற்றும்

வர்க்கமூல முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருக்க வேண்டும். தகட்டு வேலையில் இந்த நிபந்தனை பெரும்பாலும் நிற்காது. ஒரே காயிலிலிருந்து வந்த தகடு, ஒரே பிரஸ் பிரேக், ஒரே செட்டிங், ஒரே ஃபிக்சர். தகட்டின் தடிமன் சற்று ஏறினால் ஏர் பெண்டிங்கில் கோணம் மாறும். அந்த மாற்றம் ஐம்பது துண்டுகளிலும் ஒரே பக்கமாகவே வரும். இடது சட்டமும் வலது சட்டமும் ஒரே புரோகிராமில் மடித்தவை என்றால், ஒன்றின் பிழையை மற்றது ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டும் சேர்ந்தே பிழைக்கும்.

இதன் முழு உருவத்தை நூற்பாலையில் காணலாம். ரிங் ஃப்ரேமில் கதிருக்கும் கதிருக்கும் 70 மி.மீ. இடைவெளி. 1008 கதிர் என்றால் பக்கத்துக்கு 504, கதிர்ப் பகுதியின் நீளம் மட்டும் 35 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளத்துக்கும் மீட்டர் அகலமுள்ள 35 மூடிகளை ஒன்றை ஒட்டி ஒன்றாக வைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் ±0.5. நேர்க்கூட்டலில் கடைசி மூடி 17.5 மி.மீ. தள்ளிப் போகலாம், வர்க்கமூலத்தில் 3 மி.மீ.தான். வர்க்கமூலத்தை நம்பியவர் நிம்மதியாக இருப்பார். மடிப்புக்குக் கழிக்கும் கணக்கில் 0.3 மி.மீ. தப்பி, எல்லா மூடிகளும் 0.3 அகலமாக வந்திருந்தால்? ஒவ்வொன்றும் டாலரன்சுக்குள் இருக்கும், இன்ஸ்பெக்ஷனில் எல்லாம் ஓ.கே. ஆகும், கடைசி மூடி 10.5 மி.மீ. வெளியே நிற்கும்.

இதற்கு டாலரன்சை இறுக்குவது மருந்தாகாது. ஒவ்வொரு மூடியையும் பக்கத்து மூடியிலிருந்து வைக்காமல் இயந்திரச் சட்டத்தில் உள்ள துளையிலிருந்து வைத்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். முப்பத்தைந்தாவது மூடியின் பிழையும் முதல் மூடியின் பிழையும் ஒரே அளவில் நிற்கும். நீள இயந்திரம் செய்து பழகியவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மாடுலர் கிச்சன், பேனல் போர்டு, ரேக் என்று புதிதாக இறங்குகிறவர்கள்தான் இதைத் தங்கள் செலவில் கற்கிறார்கள்.

ஃபிக்சரை மாற்றினால் கணக்கே மாறும்

மேலே சொன்ன கதவுச் சட்டத்துக்கே திரும்பலாம். முட்டு மூட்டை விட்டுவிட்டு, குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்காக மடித்து, செங்குத்துச் சட்டத்தின் முகத்தில் ஏறி உட்காரும்படி செய்கிறோம். ஃபிக்சரில் இரண்டு செங்குத்துச் சட்டங்களின் உட்புற முகங்களை நேராக ஸ்டாப்பரில் ஒட்டிப் பிடிக்கிறோம். இப்போது குறுக்குச் சட்டம் அரை மில்லி நீளமோ குட்டையோ, நாக்கு அந்த அளவு கூடவோ குறையவோ ஏறிக்கொள்ளும். மடிப்புப் பிழை வெளிப்பக்கம் போய்விடும். கீலுக்கான பின்னையும் அதே ஃபிக்சரில் வைத்தால், சங்கிலியில் மிஞ்சுபவை நான்கே: ஃபிக்சர் ±0.2, வெல்டிங்குக்குப் பிந்தைய அசைவு ±0.5, கதவு ±0.5, கீல் ±0.3. நேர்க்கூட்டல் 3.15லிருந்து 1.5க்கு இறங்குகிறது, வர்க்கமூலம் 1.26லிருந்து 0.8க்கு. ஒரு துண்டின் டாலரன்சைக்கூட இறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டேக்-அப் கணக்கை எக்செலில் தொடங்குகிறவர்கள் உறுப்புப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். மூட்டிலிருந்து தொடங்கினால் பட்டியலே பாதியாகும்.

கார் உலகம் இந்த இடத்துக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானில் தகேசாவா 1980இலேயே, வளையும் தகடுகளில் பிழைகள் கூடிக்கொண்டே போகும் என்ற விதி செல்லாது என்று அளவுத் தரவுகளிலிருந்து காட்டினார். சில இணைப்புகளில், தொகுப்பின் சிதறல் தனித்தனி உறுப்புகளின் சிதறலைவிடக் குறைவாக இருந்தது. 1990களின் முற்பகுதியில் மிச்சிகனில், கார் உடலின் மொத்தச் சிதறலை 2 மி.மீட்டருக்குள் கொண்டுவரும் திட்டம் ஒன்றைக் கார் நிறுவனங்களும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. அச்சில் அழுத்திய தகடுகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், கோளாறுகளில் பெரும்பங்கு ஃபிக்சரிலும் லொக்கேட்டர் பின்களிலும் இருப்பதைக் கண்டது அந்த நாட்களில்தான். 1997இல் லியு, ஹூ இருவரும் தகட்டை வளையும் பொருளாகவே வைத்து, வைத்தல், பிடித்தல், ஒட்டுதல், விடுதல் என்ற நான்கு கட்டங்களையும் கணினியில் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். இன்று விற்பனையாகும் மென்பொருள்கள் பலவற்றில் வளையும் தகட்டுக்கான கணக்கு ஏறக்குறைய இதே அடிப்படையில்தான் நடக்கிறது.

அந்த நான்காவது கட்டமான விடுதல்தான் நம் பட்டறைகளில் கவனிக்கப்படாதது. கிளாம்ப் போட்டு இழுத்துப் பிடித்தால் எந்தக் கோணல் தகடும் ஃபிக்சருக்குள் அழகாக நிற்கும். வெல்டிங் முடித்துக் கிளாம்பைத் தளர்த்தியதும் உள்ளே அடங்கியிருந்த விசை வெளிவரும். யார் சொல் நிற்கும் என்பதைத் தடிமன் தீர்மானிக்கிறது. வளைவை எதிர்க்கும் வலிமை தடிமனின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், 0.8 மி.மீ. தகட்டைவிட 1.6 மி.மீ. தகடு எட்டு மடங்கு விறைப்பு. 1 மி.மீ. மூடியை 3 மி.மீ. பிராக்கெட்டில் ஸ்பாட் வைத்தால் அதே வடிவத்துக்கு 27 மடங்கு வித்தியாசம். மூடியின் கோணல் அங்கே கரைந்துவிடும். பிராக்கெட்டின் கோணல் மூடிக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மூடியின் டாலரன்சை இறுக்கிக் காசு செலவழிப்பது வீண். இறுக்க வேண்டியது பிராக்கெட்டை. கரைந்த பிழை முழுக்கப் போய்விடாது, நடுத்தகட்டில் புடைப்பாக வந்து நிற்கும், விரலால் தட்டினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும் என்பதும் உண்மை. ஆனால் அது அளவுப் பிரச்சினை அல்ல, தோற்றப் பிரச்சினை. இரண்டையும் கலந்தால் விலை பேச முடியாது.

மெல்லிய தகட்டைப் பிடிப்பதற்கு, கடைசல் வேலையில் பழகிய மூன்று-இரண்டு-ஒன்று தாங்கல் போதாது. பெரிய முகத்தில் மூன்று புள்ளிகள் மட்டும் தாங்கினால் தகடு தன் எடையிலேயே தொய்யும். அந்த முகத்துக்கு மட்டும் கூடுதல் தாங்கல்கள் வேண்டும். மற்ற இரண்டு திசைகளில் கூடுதல் பின்கள் வைத்தால் துண்டு திணறும். ஃபிக்சர் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

டிராயிங்கின் மூலையில் ஒரு வரி

வெளிநாட்டு ஆர்டருக்கு வரும் டிராயிங்குகளில் மூலையில் ஐ.எஸ்.ஓ. 2768-எம் என்று அச்சாகியிருக்கும். கடைசல் உறுப்புகளுக்கும் மடித்த தகட்டுக்கும் உரிய பொது டாலரன்ஸ் அது. 600 மி.மீ. அளவுக்கு ±0.8, 1200க்கு ±1.2. பற்றவைத்த தொகுப்புகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 13920 தனியாக இருக்கிறது. அதன் மிக இறுக்கமான ஏ வகுப்பிலேயே 600க்கு ±2, 1200க்கு ±3. பி வகுப்பில் ±3, ±4. அதாவது, வெல்டிங் தரத்தை எழுதியவர்களே தங்கள் கையிலிருக்கும் வேலைக்கு இரண்டரை மடங்கு இடம் கேட்டிருக்கிறார்கள். தொகுப்பின் டிராயிங்கிலும் 2768-எம் என்ற அதே வரி நகலாகி வந்திருந்தால், விலை பேசும் அன்றே கேட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு ரிஜெக்ஷன் வந்தபின் தரநூலைப் புரட்டிப் பயனில்லை.

இறுக்கமே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கரூர் பஸ் பாடிப் பட்டறைகளைப் பாருங்கள். சதுரக் குழாய்களில் பக்கச் சட்டத்தைத் தரையில் ஜிக்கில் கிடத்திச் செய்து, தூக்கி நிறுத்தி, கூரையோடு சேர்க்கிறார்கள். கீழே சேசிஸ் இன்னொரு நிறுவனத்திலிருந்து வருகிறது. அதன் பிழை அதற்கு. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது மோட்டார் வாகன விதி, பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052 என்ற தரமும் இருக்கிறது. இத்தனை பெரிய தொகுப்பில் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே விடக்கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு உண்டு. ஜன்னல் திறப்பில் சில மில்லி போனால் ரப்பர் பீடிங் ஏற்றுக்கொள்ளும். பக்கத் தகட்டின் சிறு பள்ளத்தைப் பட்டி மறைக்கும். கதவு ஏறும் இடத்தில் மட்டும் ஜிக்கை விட்டு நகர மாட்டார்கள். பிழையை ஒழிக்க முயலாமல், அது போய் உட்கார ஓர் இடம் ஒதுக்கிவைத்த அமைப்பு இது. 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. துளைக்குப் பதில் 9க்கு 14 ஸ்லாட் போடுவதும் இதே யோசனைதான். அந்த ஒரு ஸ்லாட் ஒரு திசையில் ±3 மி.மீ. விழுங்கும். டிசைனர் முதலிலேயே போட்டால் லேசரில் சில நொடி. அசெம்பிளியில் ரவுண்ட் ஃபைலால் ராவினால் பெயின்ட்டும் போகும், நேரமும் போகும்.

ஐந்து துண்டு அளந்தால் என்ன தெரியும்

நம் ஜாப் ஒர்க் பட்டறைகளில் ஒரு ஆர்டர் இருபதோ ஐம்பதோதான் இருக்கும். கார் கம்பெனி போல ஆயிரக்கணக்கில் அளந்து சிக்மா போட வாய்ப்பில்லை. ஆனால் கையில் உள்ளதையே சரியாகப் படிக்கலாம். முதல் ஐந்து துண்டுகளை மூன்று முறை அளக்க வேண்டும்: வெல்டிங்குக்கு முன் ஃபிக்சரில், வெல்டிங் முடிந்து கிளாம்ப் தளர்த்துமுன், தளர்த்தி ஆறிய பின். முதலுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு நெருப்பினுடையது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ளது, அடங்கியிருந்த விசையும் மிச்ச சூடும் சேர்ந்தது. இந்த இரண்டு எண்களை எந்தப் புத்தகமும் உங்கள் பட்டறைக்குச் சொல்லித் தர முடியாது.

ஐந்து துண்டிலிருந்து எதை நம்பலாம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அளந்த சராசரியிலிருந்து, அளந்த நியமவிலகலைப் போல ஏறக்குறைய 1.24 மடங்கு தூரத்துக்குள் உண்மைச் சராசரி இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். சிதறலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. உண்மையான சிதறல் நீங்கள் அளந்ததில் 0.6 மடங்காகவும் இருக்கலாம், 2.9 மடங்காகவும் இருக்கலாம். எனவே ஐந்து துண்டை வைத்து சி.பி.கே. என்ற திறன் எண்ணைப் போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்புவது ஏமாற்று வேலை. அதே ஐந்து துண்டை வைத்துச் சராசரி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, கேட் டிராயிங்கில் வெட்டும் அளவைத் திருத்துவது நியாயமான வேலை. மேலே பார்த்ததுபோல, நஷ்டத்தில் பெரும்பங்கு அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

அளக்கும் வசதி இல்லை என்ற பேச்சை கோவையில் ஏற்க முடியாது. பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சீமா தொடங்கிய சிடார்க் போன்ற சோதனை மையம் இந்த ஊரில் இருக்கிறது. பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் அளவியல் கூடங்கள் இருக்கின்றன. 600 மி.மீ. திறப்புக்கு இவையும் தேவையில்லை. உள்ளளவு மைக்ரோமீட்டரும், மூலைக்கு மூலை அளக்க ஒரு நீள வெர்னியரும் போதும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்க்காத சட்டத்தில் மற்ற எந்த அளவுக்கும் பொருளில்லை.

வெட்டுவது கணபதியில், மடிப்பது பீளமேட்டில், வெல்டிங் குறிச்சி சிட்கோவில், பெயின்ட் வேறெங்கோ என்று ஒரே சட்டம் நான்கு கைகள் மாறுவது கோவையின் பலம். அதனால்தான் சிறு முதலாளியால் லேசர் வாங்காமலே இயந்திரம் செய்ய முடிகிறது. ஆனால் நால்வரில் ஒவ்வொருவரும் தன் அளவை வெவ்வேறு ஓரத்திலிருந்து எடுத்தால் கூட்டுத்தொகைக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்களை ஒன்று கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. நால்வருக்கும் போகும் டிராயிங்கில் ஒரே டேட்டம் ஓரத்தையும் அதே இரண்டு பின் துளைகளையும் குறியுங்கள். தொகுப்பின் டிராயிங்கில் 13920இன் எந்த வகுப்பு என்று எழுதுங்கள். இடைவெளி எந்த இடத்தில் முக்கியம், எந்த இடத்தில் போனாலும் பரவாயில்லை என்பதையும் எழுதிக் கொடுங்கள். விலைப் பேச்சு அதன் பிறகு நடக்கட்டும்.